டிஎஸ்எல்ஆர் வாங்கும் முன்: பிறகு மாற்ற முடியாததை முதலில் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதுங்கள். வலப்பக்கம் "இந்த பாடி இருக்கும்வரை மாற்றவே முடியாது" என்று எழுதுங்கள். பாடி என்பது லென்ஸ் நீங்கலான கேமரா உடல். நீங்கள் வாங்க நினைக்கும் கேமராவின் ஒவ்வொரு வசதியையும் இந்த இரண்டில் ஒன்றின் கீழே எழுதிப் பாருங்கள்.

லென்ஸ், ஃப்ளாஷ், மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, ட்ரைபாட், பை எல்லாம் இடப்பக்கம் போகும். லென்ஸ் மவுண்ட், சென்சாரின் (படத்தைப் பதிவுசெய்யும் சில்லின்) அளவு, வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை), ஆட்டோஃபோகஸ், பாடிக்குள் மோட்டார், டயல்களின் எண்ணிக்கை, மைக் செருகும் துளை, கார்டு போடும் இடங்கள் எல்லாம் வலப்பக்கம். கடைக்குப் போனால் முதலில் நம் காதில் விழுவது மெகாபிக்சலும், கூடவே தரும் பையும் கார்டும்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து "வேற வாங்கியிருக்கலாமோ" என்று என்னிடம் புலம்பியவர்கள் அத்தனை பேரும் வலப்பக்கத்தில் எதையோ பார்க்காமல் விட்டவர்கள். அதனால் இந்த வழிகாட்டி பெரும்பாலும் வலப்பக்கத்தைப் பற்றியதுதான்.

இப்போது டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நிலைமை தெரிந்து வாங்குங்கள். கேனானும் நிகானும் தங்கள் முழுக் கவனத்தையும் மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமராக்கள் பக்கம் திருப்பிவிட்டன. 2020-இல் வந்த கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, நிகான் டி6 ஆகியவற்றோடு அந்த நிறுவனங்களின் உச்சநிலை டிஎஸ்எல்ஆர் வரிசை நின்றுவிட்டது. பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக டிஎஸ்எல்ஆரிலேயே நிற்கிறது. 2023-இல்கூட கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் கே-3 மார்க் 3 மோனோக்ரோம் என்ற பாடியை வெளியிட்டது.

இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. தொழில்முறைக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறும்போது அவர்களுடைய நல்ல பாடிகளும் லென்ஸ்களும் செகண்ட் ஹேண்டில் வருகின்றன. புதிய ஆரம்பநிலை பாடிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒருபடி மேலான பழைய பாடி கிடைக்கும். முதல் கேமராவுக்கு நான் சொல்வதும் அதைத்தான். இன்று வாங்கும் லென்ஸும் வீணாகாது. கேனான் இஎஃப் லென்ஸ்கள் 2018-இல் வந்த அடாப்டர் வழியாக ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்கின்றன. நிகானுக்கு எஃப்டிஇசட் அடாப்டர் இருக்கிறது. உள்ளே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் அதில் நன்றாக ஓடும். மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வசதிகள் தாமாகவே புரியும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் 45 டிகிரி சாய்ந்த ஒரு கண்ணாடியில் பட்டு மேலே போகிறது. அங்கே ஒரு திரையில் விழுந்து, பிரிசத்தில் திரும்பி, உங்கள் கண்ணுக்கு வருகிறது. அந்தப் பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் வெளிச்சத்தை ஊடுருவ விடும். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் குட்டிக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைக் கீழே, கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. நீங்கள் பட்டனை அழுத்தும்போது இரண்டு கண்ணாடிகளும் மேலே மடங்கி, சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஷட்டர் திரை திறந்து, படம் பதிவாகி, மறுபடி கீழே விழுகின்றன. "டக்" என்ற சத்தம் அதுதான்.

ஆக, நீங்கள் பார்ப்பது ஒரு பாதை, கேமரா ஃபோகஸ் செய்வது இன்னொரு பாதை, படம் பதிவாவது மூன்றாவது பாதை. டிஎஸ்எல்ஆரின் பலமும் பலவீனமும் இந்த மூன்று பாதைகளில்தான் இருக்கின்றன.

முதல் படி: உங்கள் ஃபோனில் எது சரியாக வரவில்லை?

என் அக்கா மகன் ஒரு நாள் அழைத்தான். "மாமா, நாற்பதாயிரம் சேர்த்து வெச்சிருக்கேன். ஒரு கேமரா சொல்லுங்க."

"எதைப் படம் எடுக்கப் போறே?"

"எல்லாத்தையும்தான் மாமா."

எல்லாரும் சொல்லும் பதில் இது. இதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் கேள்வியை மாற்றினேன். "இந்த வருஷம் ஃபோன்ல எடுத்ததுல, அடடா இது சரியா வரலையேன்னு நினைச்ச படம் எது? ஒரு பத்து அனுப்பு."

அனுப்பினான். ஏழு படங்கள் ஊரில் ராத்திரி நடந்த கபடிப் போட்டி. ஃபோகஸ் விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் எல்லாம் கலங்கலாக இருந்தார்கள். இரண்டு படங்கள் மண்டபத்தில் எடுத்தவை. ஒன்று மின்கம்பியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி, பட்டாணி அளவில். அவனுக்கு வேண்டியது என்ன என்று அந்தப் பத்துப் படங்களே சொல்லிவிட்டன: மங்கலான வெளிச்சத்தில், ஓடும் ஆளை விடாமல் பிடிக்கும் கேமரா. நீங்களும் இதையே செய்யுங்கள். ஃபோனில் ஏற்கெனவே நன்றாக வரும் படங்களுக்காக டிஎஸ்எல்ஆர் வாங்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: மவுண்டும் மோட்டாரும்

மவுண்ட் என்பது பாடியும் லென்ஸும் பூட்டிக்கொள்ளும் வளையம். நிகானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது, கேனானின் இஎஃப் 1987-இல். ஒன்றின் லென்ஸ் மற்றதில் பொருந்தாது. எனவே பாடி வாங்கும் அன்றே அடுத்த பத்து வருட லென்ஸ்களையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். வீட்டில் அண்ணனிடமோ நண்பரிடமோ ஏற்கெனவே லென்ஸ் இருந்தால் அதே மவுண்டில் வாங்குங்கள். இரவல் வாங்க முடிகிற, தூரத்தை நெருக்கிக் காட்டும் ஒரு 70-300 லென்ஸ், விளம்பரத்தாளில் இருக்கும் எந்த வசதியையும்விட மதிப்புள்ளது.

நிகான் வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடிக்குள் இருக்கும் மோட்டார் ஒரு திருகு வழியாக லென்ஸைச் சுழற்றும். 2006-இல் வந்த டி40-இல் தொடங்கி ஆரம்பநிலை பாடிகளில் இந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். டி3500, டி5600 போன்றவற்றில் அது இல்லை. டி7000 வரிசையில் இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை வாங்கி டி3500-இல் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வராது. தலைகீழ்ச் சிக்கலும் உண்டு. புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3200, டி5100, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. வாங்கும் முன் இரண்டையும் மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேனானில் இந்தத் தலைவலி இல்லை. இஎஃப் லென்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் மோட்டார் இருக்கிறது. ஆனால் சிறிய சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் பாடியில் மாட்டாது. அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: சென்சார், மெகாபிக்சல்

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி அதைவிடச் சிறியது: நிகானில் சுமார் 23.5க்கு 15.6, கேனானில் 22.3க்கு 14.9. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், 50 மி.மீ. லென்ஸ் நிகானில் 75 போலவும் கேனானில் 80 போலவும் கோணம் காட்டும். பறவைக்கு இது வரம்: 500 மி.மீ. லென்ஸ் 750 ஆகிவிடுகிறது. சின்ன வீட்டின் கூடத்தில் குடும்பப்படம் எடுக்கும்போது இதுவே தொல்லை. பின்னால் போய்ப் போய் முதுகு சுவரில் இடிக்கும்.

ஃபுல் ஃப்ரேமில் மங்கிய வெளிச்சத்தில் படம் சுத்தமாக வரும், பின்புலமும் எளிதில் மங்கும். ஆனால் லென்ஸ்களின் விலையும் எடையும் கூடிவிடும். முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி போதும் என்பது என் முடிவு. மிச்சமாகும் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

மெகாபிக்சலுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். கல்யாண ஆல்பத்தில் வழக்கமான பெரிய தாள் 12க்கு 36 அங்குலம். அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம் என்றால் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட 5400க்கு 3600 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000க்கு 4000. பழைய 18 மெகாபிக்சல் கேமராவின் 5184க்கு 3456 பிக்சல்கூட அங்குலத்துக்கு 288 புள்ளி தருகிறது. கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நிகான் டி850-இன் 45.7 மெகாபிக்சல் ஏறக்குறைய இரண்டு மடங்கு போலத் தோன்றும். நீளவாக்கில் பார்த்தால் 6000-க்குப் பதில் 8256, அதாவது சுமார் 1.4 மடங்குதான். மெகாபிக்சலை இத்தோடு விட்டுவிடலாம்.

நான்காம் படி: கண்ணை வைத்துப் பாருங்கள்

வியூஃபைண்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் டிஎஸ்எல்ஆர் வாங்குவதன் முக்கியக் காரணமே அதுதான் என்பேன். கடையில் ஓர் ஆரம்பநிலை பாடியையும் ஒரு நடுநிலை பாடியையும் கேளுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி லென்ஸ் மாட்டச் சொல்லுங்கள். ஒன்றில் கண்ணை வைத்துவிட்டு உடனே மற்றதில் வையுங்கள். முதலாவது, சந்தின் கடைசியில் இருக்கும் ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருக்கும். இரண்டாவது, அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தது போல இருக்கும்.

காரணம் இரண்டு. ஆரம்பநிலை பாடியில் பெண்டாமிரர், அதாவது கண்ணாடித் துண்டுகளைக் கூடுபோல அடுக்கிய அமைப்பு. மேல்நிலையில் பெண்டாபிரிசம், ஒரே கண்ணாடிக் கட்டி. வெளிச்சம் குறைவாகவே வீணாகும். அடுத்தது உருப்பெருக்கம். கேனான் 1500டி-இல் 0.8, நிகான் டி7200-இல் 0.94. சென்சார் அளவைச் சேர்த்துக் கணக்கிட்டால் டி7200-இல் தெரியும் காட்சி பரப்பளவில் ஒன்றரை மடங்கு பெரியது.

இன்னொன்று, காட்சியில் எவ்வளவு பகுதியை அது காட்டுகிறது என்பது. 1500டி, டி3500, டி5600 எல்லாம் 95 சதவீதம் காட்டும். டி7200 போன்றவை முழு 100. 95 சதவீதம் என்றால் பரவாயில்லை என்று தோன்றும். அது நீளத்திலும் அகலத்திலும் என்பதால், பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே படத்தில் வந்து உட்காரும். மணமக்களை அழகாக ஓரம் பார்த்து எடுத்திருப்பீர்கள். கம்ப்யூட்டரில் திறந்தால் மூலையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியின் கால் நிற்கும்.

மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் வியூஃபைண்டர் பக்கத்தில் இருக்கும் சிறு சக்கரத்தைத் திருப்பி எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். அதுதான் டயாப்டர். கேனான் 3000டி-இல் அதுவே இல்லை. அதன் மவுண்ட் வளையமும் உலோகமல்ல, பிளாஸ்டிக். பட்ஜெட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் 3000டி-யை நான் பரிந்துரைப்பதில்லை.

ஐந்தாம் படி: ஆட்டோஃபோகஸ்

அக்கா மகனின் கபடிப் படங்கள் தேறுவதும் தேறாததும் இங்கேதான். எல்லோரும் கேமரா ஃபோகஸ் பிடிக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள்: 1500டி-இல் 9, டி3500-இல் 11, டி5600-இல் 39, கேனான் 80டி-இல் 45, டி7200-இல் 51, டி500-இல் 153. எண்ணிக்கை முக்கியம்தான், ஆனால் அதைவிட முக்கியம் அவற்றில் எத்தனை கிராஸ் டைப் என்பது. சாதாரணப் புள்ளி ஒரே திசையில் ஓடும் கோடுகளைத்தான் பிடிக்கும். கிராஸ் டைப் நெடுக்கையும் குறுக்கையும் பிடிக்கும். 1500டி-இன் 9 புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ். 80டி-இல் 45-உம் கிராஸ். அதனால்தான் ஆரம்பநிலை பாடியில் ஓரப் புள்ளியை முகத்தில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தடுமாறுகிறது.

அடுத்து விளம்பரத்தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரி: ஃபோகஸ் வேலை செய்யும் வெளிச்ச அளவு. அதை ஈவி என்று குறிப்பார்கள். 1500டி-க்கு அது 0-இலிருந்து தொடங்குகிறது. 80டி, டி7200, பழைய ஃபுல் ஃப்ரேமான கேனான் 6டி ஆகியவற்றுக்கு மைனஸ் 3-இலிருந்து. 80டி-இலும் 6டி-இலும் நடுப்புள்ளிக்கு மட்டும் அது பொருந்தும். ஒவ்வொரு ஈவி குறையும்போதும் வெளிச்சம் பாதியாகிறது. அப்படியானால் மைனஸ் 3 என்பது 0-இல் இருப்பதில் எட்டில் ஒரு பங்கு வெளிச்சம். அந்த எட்டில் ஒரு பங்கிலும் ஃபோகஸ் பிடிக்கும் கேமரா, ராத்திரி மைதானத்தில் வேறு ஜாதி.

மூன்றாவது, இரவுப் போட்டி எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் பல ஃபோகஸ் விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது. 1/500 நொடியில் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மங்கலாக, மூன்றாவது மஞ்சளாக வரும். 2014-இல் கேனான் 7டி மார்க் 2-இல் இதற்கு ஒரு தீர்வு வந்தது: விளக்கின் துடிப்பைப் பார்த்து, அது உச்சத்தில் ஒளிரும் கணத்தில் ஷட்டரைத் திறப்பது. 80டி, நிகான் டி500, டி7500 ஆகியவற்றிலும் இது இருக்கிறது. கபடி, வாலிபால், பள்ளி ஆண்டுவிழா எடுப்பவர்கள் இந்த ஒரு வசதியைத் தேடியே வாங்கலாம்.

ஆறாம் படி: வேகமும் பஃபரும்

சில வருடங்களுக்கு முன் சொந்தக்காரர் கல்யாணத்தில் கேமராவோடு மேடை ஓரத்தில் நின்றேன். அப்போது என்னிடம் இருந்தது ஓர் ஆரம்பநிலை பாடி. கெட்டிமேளம் கொட்டியதும் பட்டனை அழுத்திப் பிடித்தேன். டக் டக் டக் என்று ஓடிய கேமரா, மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சுக்குக் கையைக் கொண்டுபோகும்போது நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி அது படம் எடுக்கத் தயாரானபோது அட்சதை விழுந்து முடிந்திருந்தது. அந்தப் பெண் இன்றும் ஆல்பத்தைப் புரட்டும்போது எனக்கு அந்தச் சிவப்பு விளக்குதான் நினைவுக்கு வருகிறது.

நின்றது ஏன் என்றால் பஃபர் நிரம்பிவிட்டது. எடுத்த படங்களைக் கார்டில் எழுதும்வரை தற்காலிகமாக வைத்திருக்கும் இடம் அது. நொடிக்கு எத்தனை படம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எத்தனை படம்வரை அந்த வேகம் தாங்கும் என்றும் பார்க்க வேண்டும். நிகான் டி7100-உம் டி7200-உம் நொடிக்கு 6 படம்தான். தரம் குறையாத 14-பிட் ரா கோப்பில் (சென்சார் தந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) டி7100 தாங்குவது 6 படம், டி7200 தாங்குவது 18. 6 எங்கே, 18 எங்கே! படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் எடுத்தால் எந்த கேமராவிலும் பஃபர் அதிக நேரம் தாங்கும். முக்கியமான கணம் வரப்போகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்னாலேயே விரலை எடுத்துக் கேமராவுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு எடுக்கப் போகிறவர்கள் இரண்டு கார்டு போடும் பாடியையே வாங்குங்கள். ஒரே படம் இரண்டிலும் பதிவாகும்படி வைத்துவிடலாம். டி7200-இல் இரண்டு இடம் உண்டு. அதற்குப் பிறகு வந்த டி7500-இல் ஒன்றுதான். புதியது எல்லாவற்றிலும் மேலானது என்று எண்ணிவிடாதீர்கள்.

ஏழாம் படி: கையால் தடவிப் பாருங்கள்

கேமராவைக் கையில் பிடித்து ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். சுண்டுவிரல் அடியில் தொங்குகிறதா? மணிக்கணக்கில் பிடிக்கும்போது அது வலிக்கும். டயல் ஒன்றா இரண்டா? இரண்டு டயல் இருந்தால் ஷட்டர் வேகத்தை ஒன்றிலும் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) மற்றதிலும் மாற்றலாம், கண்ணை எடுக்காமலே. ஒரே டயல் உள்ள பாடியில் அப்பர்ச்சருக்கு ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். மேனுவலில் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு இரண்டு டயல் பாடி வாத்தியார் மாதிரி.

அப்புறம், மேலே ஃப்ளாஷ் செருகும் ஹாட் ஷூவைப் பாருங்கள். அதன் நடுவில் ஒரு பெரிய உலோகப் பொட்டு இருக்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் ஃப்ளாஷ்கள் பெரும்பாலும் அந்தப் பொட்டின் வழியாகத்தான் அடிக்கும். கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் அந்தப் பொட்டை எடுத்துவிட்டார்கள். பழைய ஸ்டூடியோ ஃப்ளாஷ், ஃப்ளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் மலிவு ட்ரிகர் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய இழப்பு.

வீடியோ வேண்டுமென்றால்

டிஎஸ்எல்ஆரில் வீடியோ முதலில் வந்தது 2008-இல், நிகான் டி90-இல். வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலேயே மடங்கி நிற்கும். அதனால் வியூஃபைண்டர் இருண்டுவிடும், அடித்தளத்து ஃபோகஸ் சென்சாருக்கும் வேலை இல்லை. படம் பதிவாகும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான நிகான் டிஎஸ்எல்ஆர்கள் இதில் தடுமாறும். கேனான் 2013-இல் 70டி-யோடு கொண்டுவந்த டூயல் பிக்சல் ஃபோகஸ் வழுக்கிக்கொண்டு போகும். 80டி, 90டி, 200டி, 200டி மார்க் 2 ஆகியவற்றில் இது இருக்கிறது, 1500டி-இல் இல்லை. 200டி மார்க் 2-இன் 4கே-யை நம்பி வாங்காதீர்கள்: அந்த முறையில் டூயல் பிக்சல் வேலை செய்யாது, காட்சியும் ஓரங்களில் வெட்டுப்படும். மைக் துளையையும் பாருங்கள். 1500டி-இலும் டி3500-இலும் அது கிடையாது. வீடியோதான் முதல் வேலை என்றால் மிரர்லெஸ் பக்கம் போவதே சரி.

எட்டாம் படி: இடப்பக்கத்தில் முதலிடம் லென்ஸுக்கு

பாடியோடு கூடவே வரும் 18-55 கிட் லென்ஸ் மோசமில்லை. பகலில் வெளியே அருமையாக எடுக்கும். ஆனால் 55-இல் அதன் அதிகபட்சத் திறப்பு எஃப்/5.6 (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது). ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப் போல ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மண்டபத்தில் கிட் லென்ஸோடு ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 6400-இல் புள்ளி புள்ளியாக வரும் படம், இதில் ஐஎஸ்ஓ 800-க்குள் சுத்தமாக வந்துவிடும். எந்தப் புதிய பாடியும் இத்தனை பெரிய தாவலைத் தராது. நிகான் ஏபிஎஸ்-சி-க்கு 35 மி.மீ. எஃப்/1.8ஜி டிஎக்ஸ், கேனானுக்கு 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம். இவற்றில் ஒன்றை இரண்டாவது லென்ஸாக யாரும் யோசிக்காமல் வாங்கலாம். மொத்தப் பணத்தில் பாதியை லென்ஸுக்கு ஒதுக்குங்கள்.

அக்கா மகன் கடைசியில் எடுத்தது செகண்ட் ஹேண்ட் 80டி பாடியும் பழைய 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும். கிட் லென்ஸே வாங்கவில்லை. அவன் முதலில் அனுப்பிய படம், ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்கும் ஐந்து விரல்கள். நகத்துக்குள் இருக்கும் மண்கூடத் தெரிந்தது. 1/500, ஐஎஸ்ஓ 3200. மீன்கொத்தி இன்னும் பட்டாணி அளவில்தான் இருக்கிறது. அதற்கு வேறு லென்ஸ் சேர்க்கிறான்.

ஒன்பதாம் படி: பழைய கேமராவைச் சோதிக்கும் விதம்

உங்கள் கார்டு ஒன்றையும் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு பகலில் போங்கள்.

முதலில் ஷட்டர் எத்தனை முறை ஓடியது என்று பாருங்கள். நிகானில் எடுத்த ஜேபெக் படத்துக்குள்ளேயே அந்த எண் பதிந்திருக்கும், இணையத்தில் பார்த்துவிடலாம். கேனானில் பெரும்பாலும் அப்படி இல்லை, தனி மென்பொருள் வேண்டும். நிறுவனம் சோதித்த அளவு டி3500-க்கு 1,00,000, டி7200-க்கு 1,50,000, டி500-க்கு 2,00,000. அந்த எண்ணைத் தொட்டதும் நின்றுவிடும் என்பதில்லை, ஆனால் பாதியைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டொன்று இருந்தால் பரவாயில்லை. சிலந்திவலை போல, கிளைவிட்ட நூல் போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து அப்பர்ச்சரை எஃப்/16-இல் வைத்து வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, சுத்தம் செய்துவிடலாம். கீறல் போன்ற கோடு மாறாமல் நின்றால் வாங்காதீர்கள். லென்ஸை மூடிக்கொண்டு 30 நொடி எக்ஸ்போஷர் ஒன்று எடுத்து, பிரகாசமான புள்ளிகள் நிறைய இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு ஃபோகஸ் சோதனை. ஒரு நாளிதழை மேசையில் விரித்து, 45 டிகிரி சாய்வில், ஒரு வரியைக் குறிவைத்து, முழுத் திறப்பில் வியூஃபைண்டர் வழியாக எடுங்கள். அதே வரியை லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்தபடி, ஒருமுறை எடுங்கள். லைவ் வியூவில் கூர்மையாக இருந்து, வியூஃபைண்டரில் எடுத்தது முன்வரியிலோ பின்வரியிலோ கூர்மையாக இருந்தால், அந்தக் குட்டிக் கண்ணாடியின் பாதை கொஞ்சம் விலகியிருக்கிறது. 80டி, டி7200 போன்றவற்றில் மெனுவிலேயே இதைச் சரிசெய்ய வழி உண்டு. 1500டி, 200டி மார்க் 2, டி3500, டி5600 ஆகியவற்றில் இல்லை, சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக எல்லா பட்டனையும் ஒருமுறை அழுத்துங்கள், இரண்டு டயலையும் சுழற்றுங்கள், ஃப்ளாஷைத் திறந்து அடியுங்கள், கார்டு மூடியை ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். பிடிமான ரப்பர் உரிந்திருந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பில், பெட்டி, அசல் சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது

பூஞ்சை வருவது ஈரக்காற்றால். கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுக்கப் பைக்குள் அடைத்து வைத்த லென்ஸ் தப்பிப்பது கடினம். என் முதல் டெலி லென்ஸை ஐப்பசியில் பைக்குள் வைத்து மறந்துவிட்டு மாசியில்தான் எடுத்தேன். முன்கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை வேர் ஓடியிருந்தது. அதைச் சுத்தம் செய்ய ஆன செலவில் இன்னொரு பழைய லென்ஸ் வாங்கியிருக்கலாம்.

அதனால் அன்றைக்கே ஒரு டப்பா வாங்குங்கள். ட்ரை கேபினட் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் போடுங்கள். மீட்டர் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். அரிசிக்குள் வைக்காதீர்கள், அதன் மாவுத்தூள் லென்ஸின் இடுக்கில் புகுந்துவிடும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் மிதமான சூட்டில் காயவைத்து மறுபடி போடலாம். சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை லென்ஸை வெளியே எடுத்து, நாலு படமாவது எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள்.